தமிழில் ஒரு படப் புத்தகம்: எழுதுவது முதல் அச்சேற்றுவது வரை

சிறு குழந்தைகளுக்குப் புத்தகம் எழுத அமர்கிறவர், கதையை யோசிப்பதற்கு முன்பே, அதை யார் வாசிக்கப் போகிறார் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் வாசித்துக் காட்டும் புத்தகம் ஒரு வகை. எழுத்துக் கூட்டத் தொடங்கிய குழந்தை, விரலை வைத்துத் தானே வாசிக்கும் புத்தகம் இன்னொரு வகை. இரண்டும் ஒரே வயதுக் குழந்தையின் கையில் இருக்கக்கூடும். ஆனால் சொற்கள், வாக்கிய நீளம், எழுத்தின் அளவு, பக்கங்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமைகின்றன. வாசிக்கத் தொடங்காத மூன்று வயதுக் குழந்தைக்குக் கேள்வியறிவு நிறைய இருக்கும். அதன் காது ஏற்றுக்கொள்ளும் சொற்கள் பலவற்றை ஆறு வயதிலும் அதன் கண் ஏற்றுக்கொள்ளாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்படும் பிரதிகள், வாசித்துக் காட்டுவதற்குச் சுவையற்றவையாகவும் தானே வாசிப்பதற்குக் கடினமானவையாகவும் நின்றுவிடுகின்றன.

வாசிப்புப் படிநிலைகளைப் புரிந்துகொள்ள இரண்டு நல்ல முன்மாதிரிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில், 250 சொற்களுக்குட்பட்ட கதைகள் முதல் நிலையிலும், 250 முதல் 600 சொற்கள் வரையுள்ளவை இரண்டாம் நிலையிலும், 600 முதல் 1500 வரையுள்ளவை மூன்றாம் நிலையிலும், அதற்கு மேற்பட்டவை நான்காம் நிலையிலும் வைக்கப்படுகின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. எழுதத் தொடங்கும் முன் இவ்விரண்டிலும் ஒவ்வொரு படியிலிருந்தும் பல நூல்களை எடுத்து, ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள், ஒரு வரியில் எத்தனை சொற்கள், எந்தச் சொல் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பது மிகுந்த பயன் தரும்.

தானே வாசிக்கும் குழந்தைக்காக எழுதுகிறவர், தமிழ் எழுத்துமுறை அந்தக் குழந்தையின் முன் வைக்கும் தடைகளை நன்கு அறிந்திருக்க வேண்டும். ஆகாரக் கால் எழுத்துக்குப் பின்னே நிற்கிறது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னே நின்றாலும் பின்னே ஒலிக்கின்றன. ஒகர, ஓகாரக் குறிகளோ எழுத்தை இருபுறமும் சூழ்ந்து நிற்கின்றன. உகரமும் ஊகாரமும் கு, சு, து, பு, மு, ரு, கூ, சூ, தூ என ஒவ்வொரு மெய்யோடும் வெவ்வேறு உருவம் கொள்கின்றன. ஆகவே மரம், பால், படம், கடல், வால், மணி, கிளி போன்ற சொற்கள் முதல் நூல்களுக்கு ஏற்றவை. ‘தூக்கணாங்குருவி’ என்ற ஒரே சொல்லில் மூன்று உகர, ஊகார வடிவங்களும் இரண்டு மெய்களும் இருப்பதால், அதே குழந்தை அந்தச் சொல்லைக் கேட்டவுடன் புரிந்துகொண்டாலும் பக்கத்தில் கண்டால் திணறும். அதற்காக அந்தப் பறவையைக் கதையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பெரிய சொல்லைப் புத்தகம் முழுவதும் பல முறை வரச் செய்து, சுற்றியுள்ள மற்ற சொற்களையெல்லாம் எளிமையாக வைத்தால், கடைசிப் பக்கத்தை அடையும்போது குழந்தை அதைப் பார்த்தவுடன் வாசித்துவிடும்.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும்

பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழில் எழுதுவதா? தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர் சந்திக்கும் மிகக் கடினமான கேள்வி இது. வீட்டில் ‘அம்மா எங்க போறாங்க?’ என்று கேட்கும் குழந்தை, புத்தகத்தில் ‘அம்மா எங்கே போகிறார்கள்?’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது. முழுவதையும் பேச்சுத் தமிழில் எழுதினால், எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி எழுவதோடு, எழுத்துக் கூட்டும் குழந்தை பள்ளிப் பாடநூலில் காணாத சொல்வடிவங்களையும் எதிர்கொள்கிறது. முழுவதையும் எழுத்துத் தமிழில் எழுதினாலோ, கதையில் வரும் குழந்தைகள் மேடையில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். கதை சொல்லும் பகுதியை எளிய எழுத்துத் தமிழிலும், உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் அமைப்பதே என் அனுபவத்தில் நல்ல பலன் தருகிறது. வாசித்துக் காட்டும் புத்தகமாக இருந்தால் உரையாடலில் வட்டாரச் சொற்களைத் தயங்காமல் சேர்க்கலாம். அப்பத்தா, அம்மாச்சி, ஆச்சி, அம்மம்மா என்ற ஒவ்வோர் அழைப்பும் தன்னோடு ஒரு வீட்டையும் ஒரு நிலத்தையும் கொண்டுவருகிறது. ஒரு கதையில் ஒரு வட்டாரம் என்ற ஒழுங்கு மட்டும் வேண்டும். தானே வாசிக்கும் குழந்தைக்கான நூலில் உரையாடல்களைக் குறுகியவையாக வைத்து, பேச்சுக்கும் எழுத்துக்கும் பொதுவாக உள்ள வடிவங்களையே தேர்ந்தெடுப்பது நல்லது. ‘வா’, ‘பார்’, ‘இது என்ன?’, ‘எனக்கு வேண்டும்’ போன்றவற்றை எந்த ஊர்க் குழந்தையும் தன் பேச்சோடு எளிதில் பொருத்திக்கொள்ளும்.

பஸ், ஐஸ், போன் போன்ற சொற்களை வைத்துக்கொள்ளலாமா என்று பலர் தயங்குகிறார்கள். குழந்தை நாள்தோறும் சொல்லும் சொல்லைப் புத்தகத்திலும் காணும்போது அந்தப் புத்தகம் தனக்குரியது என்று உணர்கிறது என்பதால், உரையாடலில் அவற்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றே கருதுகிறேன்.

சந்தி சேர்த்து எழுதுவதில் கூடுதல் கவனம் தேவை. ‘குளத்திலிருந்தெழுந்த கொக்கு’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் ஆறு வயதுக் கண்ணுக்கு அது ஒரு சுவர். ‘கொக்கு குளத்தில் இருந்து எழுந்தது’ என்று பிரித்து எழுதினால் ஒவ்வொரு சொல்லும் தனியே கிடைக்கிறது. வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றை நீக்கிவிட வேண்டாம்; குழந்தை பார்த்துப் பழகும் வடிவம் சரியானதாக இருக்க வேண்டும். வாக்கியத்தை மாற்றி அமைத்து அத்தகைய இடங்களைக் குறைத்துக்கொள்ளலாம். வினையெச்சங்களை அடுக்கி ஒரே வாக்கியத்தில் ஐந்து செயல்களைச் சொல்வது பெரியவர்களுக்கு எழுதும்போது இயல்பாக வருகிறது. இங்கே அதை இரண்டு மூன்று வாக்கியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைமுற்றைத் தர வேண்டும்.

தமிழ் நமக்கு அள்ளித் தந்திருக்கும் செல்வம் இரட்டைக்கிளவி. சலசல, மடமட, குடுகுடு, படபட, கமகம, பளபள என்று ஓசையும் அசைவும் மணமும் ஒளியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஒரே அசை இரண்டு முறை வருவதால் எழுத்துக் கூட்டுகிற குழந்தைக்கும் பாதி வேலை குறைகிறது; வாசித்துக் காட்டுகிறவருக்கோ குரலை மாற்றிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. பாடலாக எழுத விரும்புகிறவர், வரியின் இறுதியில் வரும் ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பாமல் எதுகையையும் மோனையையும் கையாளப் பழக வேண்டும். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்த அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இன்றும் குழந்தைகளின் வாயில் நிற்பதற்கு, சிறு சீர்களும் அடிதோறும் மாறாமல் வரும் எதுகையும் பெரிதும் காரணம். எழுதிய பாடலைக் கைதட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்; தட்டு தடுமாறும் இடத்தில் ஓர் அசை கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும்.

கதையின் முடிவில் நீதி ஒன்றை எழுதிச் சேர்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குழந்தை கதையிலிருந்து தானே எடுத்துக்கொள்வதை அந்த ஒரு வரி பறித்துக்கொள்கிறது என்பதால், அதை முற்றிலும் விட்டுவிடுமாறு வலியுறுத்துகிறேன். முதன்மைப் பாத்திரம் சிக்கலைத் தானே தீர்க்கும்படி அமைத்து, அப்பாவோ ஆசிரியரோ வந்து தீர்த்துவைப்பதைத் தவிர்த்தாலே கதை சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

பக்கங்களாகப் பிரித்தல்

படப் புத்தகம் என்பது பக்கம் திருப்புவதால் நடக்கும் கலை. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும். பெரிய தாளில் பதினாறு பக்கங்களை ஒரு பாரமாக அச்சிட்டு மடிப்பதால் 16, 24, 32 என்ற எண்ணிக்கைகளே பெரும்பாலும் வழக்கில் உள்ளன. ஆறு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 24 பக்க மாதிரிப் புத்தகம் ஒன்று கிடைக்கும். தலைப்புக்கும் பதிப்பு விவரங்களுக்கும் இரண்டு பக்கங்களை ஒதுக்கிவிட்டு, மீதியுள்ளவற்றில் கதையைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். கணினித் திரையில் சரியாகத் தெரிந்த கதை, இந்த மாதிரிப் புத்தகத்தில் முதல் எட்டுப் பக்கங்களுக்கு எதுவுமே நடக்காமல் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘அடுத்து என்ன?’ என்ற எதிர்பார்ப்பை வலப்பக்கத்தின் கடைசி வரியில் வைத்து, விடையைப் பக்கம் திருப்பியதும் இடப்பக்கத்தில் தர வேண்டும். தமிழை இடமிருந்து வலமாக வாசிப்பதால், ஓடுகிற பாத்திரம் வலப்பக்கம் நோக்கி ஓடினால் கதை முன்னே செல்வதாகவும், இடப்பக்கம் திரும்பினால் வீட்டுக்குத் திரும்புவதாகவும் கண் எடுத்துக்கொள்கிறது.

எழுத்தும் படமும் ஒரே செய்தியைச் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். ஆட்டுக்குட்டியைத் தொலைத்த கனி என்ற சிறுமியைப் பற்றி ஒரு கதை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘வைக்கோல் போருக்குப் பின்னால் ஆட்டுக்குட்டி மறைந்து நின்றது, அதன் வால் மட்டும் வெளியே தெரிந்தது, கனி அதைப் பார்க்கவில்லை’ என்று எழுதத் தேவையில்லை. ‘கனி எங்கும் தேடினாள்’ என்ற மூன்று சொற்கள் போதும். வால் படத்தில் இருக்கட்டும். அதைக் கண்டுபிடித்து ‘அங்கே இருக்கு!’ என்று கத்துகிற குழந்தை, அந்தக் கணத்தில் கனியைவிடக் கதையை அதிகம் அறிந்ததாகிவிடுகிறது. ஆகவே பிரதியை முடித்தபின், படத்தால் சொல்லிவிடக்கூடிய நிறம், உடை, இடம், முகபாவம் பற்றிய சொற்கள் அனைத்தையும் கோடிட்டு நீக்கிப் பார்க்க வேண்டும்; நானூறு சொற்களாக இருந்தது இருநூறாகச் சுருங்குவது இயல்பு.

இந்தக் கட்டத்தில் கதையைச் சோதிக்க ஒரு நல்ல வழி, நீங்களே வாசித்துக் காட்டாமல், கதையை அதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துக் குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்வதாகும். எழுதியவர் வாசித்தால் குரலே குறைகளை மறைத்துவிடும். புதியவர் எங்கே தடுமாறுகிறார், எந்த வாக்கியத்தை இரண்டாம் முறை தொடங்குகிறார், குழந்தைகள் எந்தப் பக்கத்தில் வேறு பக்கம் திரும்புகிறார்கள் என்பதை ஓரமாக அமர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் உங்கள் சொந்தக் குழந்தைகளாக இல்லாமல் இருப்பது நல்லது. தானே வாசிக்கும் நூலாக இருந்தால், இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லி, உதவாமல் கேளுங்கள்.

ஓவியரும் எழுத்தாளரும்

பதிப்பகத்துக்கு அனுப்புகிறவர் ஓவியரைத் தானே தேடிக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான பதிப்பகங்கள் தங்கள் பார்வைக்கு ஏற்ற ஓவியரைத் தாங்களே தேர்ந்தெடுக்க விரும்புகின்றன. எழுத்தில் இல்லாத, ஆனால் கதைக்குத் தேவையான செய்தி படத்தில் வர வேண்டுமென்றால் மட்டும், மேலே சொன்ன வாலைப் போல, அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு குறிப்பு எழுதினால் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் படத்தை விவரித்து எழுதுவது ஓவியரின் கையைக் கட்டிப்போடும்.

ஓவியரோடு நேரடியாக வேலை செய்கிறவர், கதை நடக்கும் ஊரின் உண்மையான தோற்றத்தைக் காட்டும் புகைப்படங்களைத் திரட்டித் தர வேண்டும். தஞ்சைக் கிராமத்துத் தெரு, நீலகிரித் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு, வடசென்னை மீனவர் குப்பம் ஆகிய மூன்றிலும் வீட்டின் கூரையும் வாசலும் தண்ணீர்க் குழாயும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குழந்தைகளின் தோல் நிறத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நம் தெருக்களில் விளையாடும் குழந்தைகளின் நிறம் நம் புத்தகங்களில் இன்னும் போதிய அளவு வரவில்லை.

பதிப்பகமும் ஒப்பந்தமும்

சென்னையில் 1994-இல் தொடங்கிய தாராவும் 1996-இல் தொடங்கிய துளிகாவும் படப் புத்தகங்களுக்காகவே அறியப்பட்டவை. துளிகா ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், வானம் பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவையும் தமிழ்க் குழந்தை நூல்களை வெளியிடுகின்றன. ஒவ்வொரு பதிப்பகத்தின் பட்டியலையும் வாசித்து, உங்கள் கதை எதனோடு பொருந்தும் என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் போன்ற சிறார் இதழ்களில் முதலில் எழுதிப் பழகுவதும் நல்ல தொடக்கம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் சிலவற்றையேனும் அறிந்திருங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. பெற்ற உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை எழுத்தாளருக்கே திரும்பும். எழுத்தாளர் மறைந்த பிறகும் அறுபது ஆண்டுகள் நீடிக்கும் இந்த உரிமையை ஒருமுறை பணத்துக்காக முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிடாமல், தமிழ் அச்சுப் பதிப்பு, மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல் ஆகியவற்றைத் தனித்தனியே பேசி முடிவு செய்ய வேண்டும். விற்பனை விலையில் பத்து விழுக்காடு என்பது தமிழ்ப் பதிப்புலகில் பரவலாகப் பேசப்படும் உரிமத்தொகை. படப் புத்தகத்தில் அதை எழுத்தாளரும் ஓவியரும் பகிர்ந்துகொள்வது நியாயம்.

நூல் விற்பனையைவிட வாசகர்களைச் சென்றடைவதே முக்கியம் என்று கருதுகிறவருக்கு ஸ்டோரிவீவர் ஏற்ற இடம். அங்கே பெரும்பாலான கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியாகின்றன; எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் அதை மொழிபெயர்க்கவும் அச்சிடவும் விற்கவும் முடியும். பின்னர் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதை உணர்ந்தே சேர்க்க வேண்டும்.

தானே பதிப்பிக்கிறவருக்கு

அளவைத் தீர்மானிக்கும் முன் அச்சகத்தோடு பேசுங்கள். அகலத்தில் அரை அங்குலம் கூடியதால் ஒரு தாளில் எட்டுக்குப் பதிலாக ஆறு பக்கங்கள் மட்டுமே அடங்கி, தாள் வீணாகிச் செலவு ஏறிவிடும் நிலை உண்டு. உள்பக்கங்களுக்கு 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் பேப்பர் என்ற வழவழப்பான தாளும் அட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் அட்டையும் பொதுவான தேர்வுகள். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாளிலும் நீர்வண்ணப் படங்கள் நன்றாகவே வரும். படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்திலும், அச்சுக்குரிய நான்கு வண்ணமுறையிலும் (சிஎம்ஒய்கே), தாளை வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாதிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுமிகையோடும் இருக்க வேண்டும். முகங்கள் நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்வது ஓவியரின் முதல் வரைவிலேயே முடிய வேண்டிய வேலை.

எழுத்துகள் தனி அடுக்கில், கறுப்பு மையில் மட்டும், வெளிர் பின்னணியின் மேல் இருக்கட்டும். அப்போதுதான் எழுத்து கூர்மையாக விழும். நாளை வேறொரு மொழிப் பதிப்பு வந்தாலும் கறுப்பு மைக்குரிய அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். தானே வாசிக்கும் நூலில் 18 பாயிண்ட் அளவுக்குக் குறையாத எழுத்தையும் தாராளமான வரி இடைவெளியையும் பயன்படுத்துங்கள். கொம்பும் சுழியும் புள்ளியும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். வரிகளை இருபுறமும் சமமாக நிரப்பாமல் இடப்பக்கம் மட்டும் சீராக்கி, மூச்சு விடும் இடத்தில் வரியை முறியுங்கள். சொல்லை ஒருபோதும் இரண்டாக உடைக்க வேண்டாம்.

தமிழ் அச்சில் தனியே கவனிக்க வேண்டிய பிழைகள் சில உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’, ‘பே’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிரதிகளில் ஆகாரக் காலுக்குப் பதிலாக ‘ர’ என்ற எழுத்தும், ‘எ’ என்பதற்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழும் நுழைந்திருக்கும். பல எழுத்துருக்களில் இவை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இறுதி பி.டி.எஃப் கோப்பைத் தாளில் எடுத்து, இருவர் தனித்தனியே மெய்ப்புப் பார்க்க வேண்டும். இருபத்து நான்கு பக்க நூலில் ஒரே ஒரு பிழை இருந்தாலும், அதைத்தான் ஒரு குழந்தை சரியான வடிவமாக மனத்தில் பதித்துக்கொள்ளும்.

நூறு முதல் முந்நூறு படிகள் வரை போதுமென்றால் டிஜிட்டல் அச்சும், ஆயிரமும் அதற்கு மேலும் என்றால் ஆஃப்செட் அச்சும் கட்டுப்படியாகும். பல வண்ண ஆஃப்செட் வேலைக்குச் சிவகாசி அச்சகங்களில் விலை கேட்டுப் பார்க்கலாம். நூலை அடையாளம் காட்டும் உலகப் பொது எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் கட்டணமின்றி வழங்குகிறது. தானே பதிப்பிக்கும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, டெல்லி நகரங்களில் குறிக்கப்பட்ட நூலகங்களுக்கும் படிகளை அனுப்புவது பதிப்பாளரின் கடமை. விலை வைக்கும்போது, கடைகளும் விநியோகஸ்தர்களும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு கேட்பார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அச்சுச் செலவின் இரண்டு மடங்கை விலையாக வைத்தவர்களுக்கு, ஓவியருக்குத் தர வேண்டிய பணமும் அஞ்சல் செலவும் போக எதுவும் மிஞ்சுவதில்லை.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை மனத்தில் வைத்து வேலை செய்கிறவர்கள், கோப்பை நவம்பர் தொடக்கத்திலேயே அச்சகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் அச்சகங்கள் நிறைந்திருக்கும், அவசரத்தில் வண்ணச் சோதனைத் தாளைப் பார்க்காமலே அச்சேறிவிடும். மாவட்டப் புத்தகக் காட்சிகளும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றின் குழந்தைகள் பிரிவுகளும் புத்தகத்தை வாசித்துக் காட்ட நல்ல இடங்கள். அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியரிடம் முன் அனுமதி பெற்றுச் செல்லலாம். செல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படியைத் திருத்தப் படியாகவே எடுத்துச் சென்று, குழந்தைகள் தடுக்கிய சொல்லையும் கவனிக்காமல் கடந்த படத்தையும் அந்தந்தப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். முதல் அச்சில் படிகளைக் குறைவாக அடித்து, திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பை அச்சகத்திடம் மட்டும் விட்டுவிடாமல் உங்களிடமும் பத்திரமாக வைத்திருந்தால், இரண்டாம் அச்சுக்குப் போகும் முன் அந்தத் திருத்தங்கள் அனைத்தையும் செய்துவிட முடியும்.